நாணல் கரையில் ஐந்து சனிக்கிழமைகள்

தோளில் இடித்தவன் நிற்கக்கூட இல்லை. லவினாவின் பைனாகுலர் சேற்றில் விழுந்தது. நாணலோரம் மேய்ந்த நீலத் தாழைக்கோழிகள் ஓடி மறைந்தன.

"கண்ணு தெரியாதா சார்?"

"பொழுது சாஞ்சா தெரியாதுங்க... சாரி."

பெங்களூர் அடுகோடியிலிருந்து இரண்டு பஸ் மாறி, அத்திபெலே பக்கத்து ஏரிக்கு வந்திருந்த ஸ்கூல் டீச்சர் லவினா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பெயர் ஷங்கர். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. பறவை பார்க்க வருகிறான்; பழகிய பாதை என்பதால் தனியாக. விழித்திரை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வரும் நோய். பகலில் நடுவில் ஒரு சின்ன வட்டம் மட்டும் தெரியும்... அதுவும் இன்னும் ஒரு வருடமோ, இரண்டோ.

அடுத்த சனிக்கிழமையும் அவள் வந்தாள். அதற்கடுத்ததும்.

"அது வாத்துதானே?"

"வாத்து இல்ல, உள்ளான்னு ஒரு பறவை, டீச்சர். பசங்களுக்கும் இப்படித்தான் சொல்லித் தர்றீங்களா?"

அவள் சிரிப்பாள். வீடு திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அழுவாள்.

ஐந்தாவது சனிக்கிழமை தூறல். பாதை வழுக்கியது. அவள் நீட்டிய கையை அவன் தட்டிவிட்டான்.

"பாவம் பாக்காதீங்க, லவினா."

நான்கே அடி... சறுக்கி, முழங்கால் ஆழச் சேற்றில் விழுந்தான். அவள் தூக்கவில்லை. தானும் இறங்கி அவன் பக்கத்தில் நின்றாள்.

"பாவம் பாத்து யாராச்சும் அஞ்சு வாரம் வருவாங்களா?"

மழை வலுத்து, இருட்டியது. அவன் அவள் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"இனிமே வராதீங்க."

"ஏன்?"

"அந்தச் சின்ன வட்டத்துல ஒரு நேரத்துல உங்க கண்ணு தெரியுது. இல்லன்னா சிரிப்பு தெரியுது. ரெண்டையும் சேத்து ஒரே ஒரு தடவை பாத்துடணும்னு அஞ்சு வாரமா பாக்கறேன்... முடியல. பறவைங்க தெரியாமப் போனா தாங்கிப்பேன். உங்க முகம் போனா தாங்க முடியாது."

ஆறுதல் சொல்ல அவளிடம் எதுவுமில்லை. உண்மை மட்டும் இருந்தது.

"எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சுப்போச்சு ஷங்கர்... இப்ப வராதீங்கன்னா, நான் என்ன பண்றது?"

அவனுடைய சேறு படிந்த கை, இருட்டில் அவள் கையைத் தேடியது.