வியாழக்கிழமைச் சவுனா

ஊர்வே காரை நிறுத்தியபோது மணி ஐந்துகூட ஆகவில்லை. ஆனால் வடக்குக் குளிர்நாட்டின் வோரு கிராமப் பக்கத்தில் நவம்பர் வந்துவிட்டால் அந்த நேரத்துக்கே வானம் கடையைச் சாத்திவிடும். பண்ணை வீட்டின் சமையலறையில் விளக்கு எரிந்தது. நாத்தனார் ஹில்லேயின் காரைக் காணோம். வீட்டுக்குப் பின்னால், குளத்தங்கரையில் இருந்த சவுனா என்ற நீராவிக் குளியல் குடிலின் கூரையிடுக்கில் கடைசிப் புகை இழை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை வரச் சொல்லிவிட்டு வியாழக்கிழமையே சூடேற்றி வைத்திருக்கிறாளே என்று ஊர்வே நினைத்தாள். தான் இன்று வரப்போவதை ஹில்லேக்குச் சொல்லவே இல்லை என்பது அவளுக்கு உறைக்கவில்லை. கொஞ்ச காலமாகவே அவளுக்கு எதுவும் உறைப்பதில்லை.

தார்த்து நகரில் அவசர அழைப்புகளை எடுக்கும் வேலை அவளுக்கு. மறுமுனையில் வீடு பற்றி எரிந்தாலும் ஊர்வேயின் குரல் மட்டும் ஆடாது. புதிதாகச் சேருபவர்களை அவள் பக்கத்தில் உட்காரவைத்து அந்தக் குரலைக் கேட்கச் சொல்வார்கள். அன்று காலை ஓர் இளம் தகப்பன் கூப்பிட்டான். தொட்டிலில் குழந்தை மூச்சு விடவில்லை. ஆம்புலன்ஸ் போய்ச் சேரும்வரை நெஞ்சை எப்படி அழுத்துவது என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள். குழந்தை பிழைக்கவில்லை. போனை வைத்ததும் பையிலிருந்து ரொட்டியை எடுத்து, வெண்ணெய் தடவி, நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தாள். மேற்பார்வையாளர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவள் அழுதிருந்தால் தோளைத் தட்டிவிட்டுப் போயிருப்பார். சாப்பிட்டதுதான் அவரைப் பயமுறுத்தியது. வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். அவள் வீட்டுக்குப் போகாமல் காரை இங்கே ஓட்டி வந்துவிட்டாள்.

பிப்ரவரியில் கணவன் கலேவ் இறந்ததிலிருந்து இப்படித்தான். கடை வாசலில், கையில் பால் பாக்கெட்டோடு சரிந்தான், எழுந்திருக்கவில்லை. ஊரே அழுதது. ஊர்வே வந்தவர்களுக்கெல்லாம் காபி ஊற்றிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு மனது மட்டுமல்ல, உடம்பும் மரத்துப்போனது. ஒருநாள் அடுப்பில் விரல் பட்டது தீய்ந்த வாசம் வந்த பிறகுதான் தெரிந்தது.

அவள் போய்ப் பார்த்த டாக்டர் நல்ல பொறுமைசாலி. வேலை முடிந்து வந்ததும் செய்யவேண்டியதை வரிசையாகச் சொன்னாள். லிண்டன் பூத் தேநீர் குடி, மெழுகுவர்த்தி ஏற்றி வை, ஆற்றோரம் நட, மூச்சை ஆழமாக இழுத்து விடு, பின்னல் ஊசியைக் கையில் எடு. ஊர்வே எல்லாவற்றையும் செய்தாள். இரவுப் பணிக்குக் கையெழுத்துப் போடுகிற மாதிரியே செய்தாள். யாருக்கும் பொருந்தாத நாலு ஜோடிக் காலுறைகள் மிஞ்சின.

போன வாரம் நாத்தனார் ஹில்லே போனில் சிரிசிரியென்று சிரித்தாள்.

"தேநீரும் மெழுகுவர்த்தியுமா? அண்ணி, நீங்க என்ன சாமியாரா? சனிக்கிழமை இங்க வாங்க. புகைச் சவுனா போட்டுத் தரேன். எங்கண்ணன் வேலை விட்டு வந்தா வேற எங்க போவான்? உள்ள போகும்போது கரடி, வெளிய வரும்போது கன்னுக்குட்டி."

"அவர் போனதுக்கப்புறம் நான் அந்தக் கதவைத் திறக்கவே இல்ல ஹில்லே."

"அதனாலதான் சொல்றேன். ஒருதரம் உக்காந்து அழுதுடுங்க. அது போதும்."

அது ஒன்றுதான் ஊர்வேக்கும் வேண்டியிருந்தது. ஒருதரம் அழுதுவிட்டால் போதும். எதுவாவது ஒன்று சுருக்கென்று தைத்தால் போதும்.

சவுனாவின் முன்னறையில் உடைகளைக் களைந்தாள். ஆணிகளில் வெள்ளைத் துண்டுகள் வரிசையாகத் தொங்கின. ஓர் ஆளுக்கு எதற்கு இத்தனை என்று தோன்றியது. வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. தொட்டியில், உடம்பில் தட்டிக்கொள்ளும் பிர்ச் மரத் தழைக்கொத்து ஊறிக்கொண்டிருந்தது. பிரிக்காத புதுச் சோப்பு ஒன்று பலகையில் இருந்தது. குனிந்து உள்கதவைத் தள்ளினாள்.

உள்ளே இருட்டு. புகைபோக்கி இல்லாத குடில் அது. நாலு தலைமுறைப் புகை சுவரில் கருமையாகப் படிந்திருந்தது. எங்கே சாய்ந்தாலும் கரி ஒட்டும். சூடான கல், ஈர மரம், பிர்ச் இலை ஆகியவற்றின் மணம் ஒன்றாக வந்து முகத்தில் மோதியது. அகப்பையால் தண்ணீர் மொண்டு கற்கள்மேல் ஊற்றினாள். கற்கள் சீறவில்லை. நீளமாகப் பெருமூச்சு விட்டன.

உட்காரவும் படுக்கவும் போட்டிருந்த மேல்தட்டின் மூலையில் பலகை முனகியது.

"ஹில்லே? உள்ளயா இருக்க? காரை எங்கடி விட்ட?"

அகப்பையை வாளியில் போட்டாள்.

"சொல்லாம வந்துட்டேன்னு கோபமா?"

யாரோ நகர்ந்து இடம் விட்டார்கள். அது மட்டும் தெரிந்தது. வாயாடி ஹில்லே இன்று பேசாமல் இருப்பதே ஒரு நிம்மதி என்று நினைத்துக்கொண்டு ஊர்வே மேல்தட்டில் ஏறிக் குப்புறப் படுத்தாள். ஒருவர் முதுகை ஒருவர் கொத்தால் அடித்துவிடுவது இங்கே வழக்கம்தான். கேட்கவேண்டிய தேவைகூட இல்லை.

கொத்து இடது குதிகாலில் விழுந்தது.

கலேவின் வீட்டார் எல்லாரும் அங்கேதான் தொடங்குவார்கள். இடது குதிகாலிலிருந்து கெண்டைக்கால், தொடை, இடுப்பு என்று மேலே ஏறுவார்கள். மெதுவாகத் தட்டி, கொஞ்சம் அழுத்தி, சூட்டை உள்ளே இறக்குவார்கள். முதுகு முடிந்ததும் கொத்தின் காம்பால் பலகையில் இரண்டு தட்டு. திரும்பிப் படு என்று அதற்கு அர்த்தம். இந்தக் குடும்பத்துக்கு இதையெல்லாம் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

தோள் வரை வந்து கொத்து நின்றது. பிறகு ஒரு கை அவள் முதுகின் நடுவில் வந்து அமர்ந்தது.

அது ஹில்லேயின் கை இல்லை.

பெரிய கை. பாரமான கை. ஓர் ஆணின் கை.

அங்கே பயம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. பக்கத்து வீட்டுக்கு யாரோ விருந்தாளி வந்ததைக் கவனிப்பது போலத்தான் அவள் அதைக் கவனித்தாள். அதன்பின் ஒரு பெயர் தானாக மேலே வந்தது.

"கலேவ்?"

கை அசையவில்லை.

மர அறுவை ஆலையில் கலேவின் வலது கையிலிருந்து இரண்டு விரல் போய்விட்டது, கல்யாணத்துக்கு முன்பே. மூன்று விரலும் ஓர் உள்ளங்கையும்தான் அவள் வாழ்நாள் முழுக்க அறிந்த கை. கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லிவிடுவாள். இப்போதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முதுகால் அந்த விரல்களைத் தேடினாள். பாரம் தெரிந்தது. சூடு எங்கோ தூரத்தில் தெரிந்தது. விரல்கள் தெரியவில்லை. மரத்த முதுகுக்கு என்ன தெரியும்? அவனாகத்தான் இருக்கவேண்டும் என்று முடிவு செய்தாள். வேறு யார் அவளைத் தேடி வரப்போகிறார்கள்?

கொத்தின் காம்பு பலகையில் இரண்டு முறை தட்டியது.

அவள் திரும்பப் போனாள். அந்தக் கணத்தில் வெளியே கார் ஒன்று சரளையில் திரும்பியது. கதவிடுக்கு வழியே வெளிச்சக் கீற்று உள்ளே புகுந்து, சுவரை ஒரு தடவு தடவிவிட்டுப் போனது. மேல்தட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை.

இறங்கினாள். கதவருகே நின்று, அந்தப் பக்கத்து மருமகள்கள் எல்லாரும் சொல்வதை வாய் தானாகச் சொன்னது.

"சூடேத்தினவங்களுக்கு நன்றி. தண்ணி சுமந்தவங்களுக்கு நன்றி. கொத்து கட்டினவங்களுக்கு நன்றி."

"உடம்பு நல்லா இருக்கட்டும்," என்று இருட்டு கிசுகிசுத்தது.

ஹில்லே ரொட்டிப் பையோடு சமையலறைக்குள் வந்தபோது ஊர்வே ஈரத் தலையோடு அடுப்பருகே உட்கார்ந்திருந்தாள். மேசையில் பார்லிக் கஞ்சியும் ரத்தத் தொத்திறைச்சியும் மூடி வைக்கப்பட்டிருந்தன. தட்டுகள் வரிசையாக இருந்தன, நாற்காலிகள் சுவரோரம் ஒதுங்கியிருந்தன. அதையும் ஊர்வே இப்போதுதான் பார்த்தாள்.

ஹில்லே பையைக் கீழே வைக்கவில்லை.

"அண்ணி… தலை ஏன் ஈரமா இருக்கு?"

"சவுனால குளிச்சேன். நீதானே போட்டு வச்சிருந்த?"

"ஐயையோ. உங்களுக்காகவா போட்டேன்? ஆத்துமா காலம் இது அண்ணி. இந்த மாசத்துல வியாழக்கிழமை செத்தவங்க குளிச்சு, சாப்பிட்டுட்டுப் போற நாள். போட்டு வச்சுட்டு நானே வீட்டுல நிக்கக்கூடாதுன்னுதான் கடைக்குப் போனேன்." குரல் இறங்கியது. "உள்ள… யாராவது?"

"கலேவ் இருந்தார்."

ஹில்லே மெல்ல ஒரு நாற்காலியை மேசையருகே இழுத்து அமர்ந்தாள். அண்ணனின் பெயர் கேட்டதும் அவள் கண் நிறைந்துவிட்டது; அவளுக்கு அது அவ்வளவு சுலபம். ஊர்வேக்குப் பொறாமையாக இருந்திருக்கவேண்டும்.

"எப்படித் தெரியும் அவன்தான்னு? பேசினானா?"

"முதுகுல கை வச்சார். அவர் கை எனக்குத் தெரியாதா?"

"அந்தக் குடில்ல எங்க வீட்டு ஆளுங்க மட்டுமா குளிச்சாங்க அண்ணி? சண்டைக் காலத்துல யார் யாரோ அங்க ஒளிஞ்சாங்க. செத்தவங்களையும் அங்கதான் கழுவினாங்க. பேர் தெரியாதவங்களும் உண்டு." ஹில்லே மேசையைப் பிடித்துக்கொண்டாள். "வழக்கமா நான்தான் கடைசில போய் வாசல்ல நின்னு, குளிச்சாச்சு, சாப்பிட்டாச்சு, வந்த வழியே போங்கன்னு அனுப்பி வைப்பேன். இப்ப நான் சொன்னா கேக்காது. கூடக் குளிச்சவங்கதான் சொல்லணும். போங்க அண்ணி. சொல்லிட்டு வாங்க. அவனா இருந்தாலும் சொல்லணும்."

ஊர்வே போனாள்.

குளத்தின்மேல் பனி இறங்கியிருந்தது. சவுனாக் கதவு அவள் சாத்திய மாதிரியே இருந்தது. உள்ளே சொட்டு சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம். அவள் வாயைத் திறந்தாள். எத்தனையோ பேரிடம் எவ்வளவோ கொடுமையான வார்த்தைகளை அசராமல் சொன்ன வாய் அது. மூன்றே மூன்று வாக்கியம்.

அனுப்பிவிட்டால் மறுபடியும் தார்த்து. மறுபடியும் தேநீர், மெழுகுவர்த்தி, காலுறை. அந்தக் கையின் பாரம் ஒன்றுதான் இத்தனை மாதத்தில் அவளைத் தொட்ட ஒரே விஷயம்.

அவள் சொல்லவில்லை.

திரும்பி வந்து, "சொல்லிட்டேன்," என்றாள் தன் வேலைக் குரலில். ஹில்லே நம்பிவிட்டாள். அந்தக் குரலை நம்பாதவர்கள் கிடையாது. அன்றிரவே ஊர்வே ஊர் திரும்பினாள். காரின் பின்னிருக்கைப் பக்கம் பிர்ச் இலை வாசம் வீசியது. வழி நெடுக அவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

மறுநாள் பணி முடிந்து தன் மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்தபோது விளக்கைப் போடும் முன்பே சூடு முகத்தில் வந்து பட்டது. நாள் முழுக்க ஹீட்டரை அணைத்துத்தான் வைத்திருந்தாள். கூடத்தில் புகை வாசம். அவளுக்குச் சிரிப்பு வரும் போலிருந்தது. வந்துவிட்டான். நகரத்து வீட்டுக்கே வந்துவிட்டான்.

"கலேவ், வந்துட்டேன்," என்று சொல்லிக்கொண்டே படுக்கையறையில் சட்டையைக் கழற்றினாள். சட்டையின் உள்பக்கம், முதுகு படும் இடம் கரியாக இருந்தது. நேற்றைய கரி என்று நினைத்தாள். அலமாரிக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தாள்.

நடு முதுகில் கை ஒன்றின் அச்சு, கருப்பாக, ஓரம் கலையாமல் பதிந்திருந்தது.

வலது கை.

கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல்.

மோதிர விரல்.

சுண்டு விரல்.

மறுபடியும் எண்ணினாள். துண்டை எச்சிலால் நனைத்துத் தேய்த்தாள். போகவில்லை. அச்சு இருந்த இடத்தில் தோல் எரிந்தது, உண்மையிலேயே எரிந்தது. பிப்ரவரிக்குப் பிறகு ஊர்வேக்கு முதல் முதலாக ஏதோ ஒன்று உறைத்தது. அது அழுகை இல்லை.

பயம்.

நேற்று சொல்லாமல் விட்ட வாக்கியங்களை இப்போது அவசர அவசரமாகச் சொன்னாள். குளிச்சாச்சு. சாப்பிட்டாச்சு. வந்த வழியே போங்க. குரல் உடைந்து, வேலையில் அவளை அவசரமாகக் கூப்பிடுகிறவர்களின் குரல் போல இருந்தது. கண்ணில் தண்ணீர் தானாக வழிந்தது.

வீடு அமைதியானது.

குளியலறைக் கதவின் அடியிலிருந்து வெள்ளை ஆவி மெல்லக் கசிந்து, தரையில் ஊர்ந்து, அவள் இடது குதிகாலைத் தொட்டது.

உள்ளே, ஏதோ ஒரு பலகையில், காம்பு இரண்டு முறை தட்டியது.