பெட்டிக்குப் போட்ட சட்டை

2006ஆம் ஆண்டு மே 16, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டேகால் மணி. வானத்தில் மேகம் இல்லை. மணவாள நகரில் ஓர் இலைகூட அசையவில்லை. சத்தம் போட்டுச் சுழன்றது ஒன்றுதான்: அத்னான் தன் கையாலேயே உருவாக்கிய கணினிப் பெட்டியின் பின்பக்க விசிறி. அது ‘ஙொய்’ என்று அலறிக்கொண்டிருந்தது.

உள்ளறையிலிருந்து வாப்பா எழுந்து வந்தார். கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையில் அவருக்கு இரவு வேலை, உறக்கம் பகலில்தான்.

“இன்னாடா, ஊட்டுக்குள்ள மாவு மில்லு வச்சிக்கினு கீற? ராத்திரி பூரா அங்க மெஷின் சத்தம், பகல்ல இங்கயா? ஒரே பேஜாரா கீது!”

வீடு விழித்திருக்கும்போது வாப்பா உறங்குவார். வாப்பா விழித்திருக்கும்போது வீடு உறங்கும். ஆகவே அவருடைய முடிவுகள், தொழிற்சாலை அறிவிப்புகளைப் போல, கையெழுத்துடன் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டப்படும். அன்றும் ஒட்டினார்: ‘நாளையும் சத்தம் கேட்டால் பெட்டி செவ்வாப்பேட்டை மாமா வீட்டுக்குப் போகும். – முஜீப்.’

பாகம் பாகமாக வாங்கிவந்து பூட்டிய பெட்டி. அத்னானின் முகம் வாடியது.

“விசிறி ஒயர புடுங்கிடவா?”

“புடுங்கினா சூடாயி அதுவே நின்னுடும்னு நீதானே சொன்ன?” என்றாள் தங்கை சிஃபா. ஐந்தாம் வகுப்பு முடித்தவள். “மேல சுத்துற ஃபேனுக்கு ரெகுலேட்டர் கீதே, இதுக்கு இல்லியா?”

அத்னான் நெற்றியில் அடித்துக்கொண்டான். கணினியை மீண்டும் தொடங்கி, அமைப்புகள் உள்ள நீலத்திரைக்குப் போனான். விசிறிக்கு நேரே ‘முழு வேகம்’ என்றிருந்தது. அதைச் ‘சூட்டுக்கேற்ற வேகம்’ என்று மாற்றினான். விசிறி பூனையைப் போல முனகியது. இருவரும் கைகுலுக்கிக்கொண்டனர்.

சற்று நேரத்தில் மறுபடியும் ‘ஙொய்!’ கைகுலுக்கியது வீணாயிற்று.

சிஃபா பெட்டியின் பின்புறம் கைவைத்துப் பார்த்தாள். தோசைக்கல்லாகச் சுட்டது. தூசி படக்கூடாதென்று உம்மா பூவேலை செய்து தைத்த கருநீல உறை, விசிறியின் வாயை மூடித் தொங்கியது. அதை யாரும் கழற்ற உம்மா விடுவதில்லை.

“அண்ணா, இந்த வெயில்ல ஸ்வெட்டர் போட்டுக்கினு ஓடச் சொன்னா நீயுந்தான் கத்துவ.”

“அத உம்மாகிட்ட யார் சொல்றது? கண்ணு வலிக்க வலிக்கத் தச்சாங்க.”

சிஃபா சமையலறைக்குப் போனாள்.

“உம்மா, வாப்பா தூங்குறப்ப ஜன்னல் வெயிலு மூஞ்சிலயே அடிக்குது. நீ தச்ச உறைய அங்க மாட்டலாமா? அவ்ளோ கெட்டித் துணி நம்ம ஊட்ல வேற இல்ல.”

“அப்போ பெட்டில தூசு?”

“தெனமும் நான் தொடைக்கிறேன்.”

உம்மா யோசித்தாள். “சரி. ஆனா பூவு உள்பக்கமா தெரியணும், சொல்லிட்டேன்!”

மறுநாள் கணினி பிற்பகல் முழுவதும் ஓடியது. விசிறி முனகியதோடு சரி. வாப்பா புரளக்கூட இல்லை. மாலையில் கம்பெனி பஸ் வாசலில் ஹார்ன் அடித்தபோதும் அவர் எழவில்லை. சிஃபாதான் உலுக்கி எழுப்பினாள்.

“ஐயோ, பஸ்ஸா! ஏம்மா முன்னாடியே எழுப்பல?”

ஒரு காலில் மட்டும் செருப்புடன் நின்று, வாப்பா அவசரமாக எழுதினார்: ‘பெட்டி இங்கேயே இருக்கும். என்னைத் தினமும் எழுப்பும் பொறுப்பு சிஃபாவுக்கு. – முஜீப்.’

ஃப்ரிட்ஜில் ஒட்ட நேரமில்லை. சிஃபாவின் கையிலேயே கொடுத்துவிட்டு ஓடினார்.