மூன்றாவது விளக்கு

மாதவியின் கண்ணில் மூன்று விளக்குகள் தெரிந்தன. கமலநாதன் வைத்திருந்தது இரண்டுதான்.

கைப்பேசியில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். இடப்பக்கம் ஒரு வெள்ளைச் சதுரம், வலப்பக்கம் சற்று மங்கலாக இன்னொன்று. இரண்டும் அவன் கட்டியவை. கீழே, கருவிழியின் ஓரத்தில், குண்டூசித் தலை அளவுக்குச் சிவப்பாக ஒரு புள்ளி இருந்தது. வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்று தெரிய வேண்டுமானால் படம் எடுக்கப்படுபவரின் கண்ணைப் பார்த்தால் போதும், அது பொய் சொல்லாது என்று ஏதோ ஒரு வீடியோவில் கேட்டிருந்தான்.

"என்னங்க, கழுத்து வலிக்குது லா. எடுத்தாச்சா இல்லையா?"

"இரு மாதவி. எங்கேயோ லைட் அடிக்குது."

மாதவி கல்யாண நகைகளை வாடகைக்கு விடும் தொழிலை ஆரம்பிக்கிறாள். விளம்பரத்துக்கு அவளை நகைகளோடு படமெடுக்க பிரிக்ஃபீல்ட்ஸ் ஸ்டூடியோவில் கேட்ட தொகையில் கமலநாதனுக்கு வயிறு எரிந்துவிட்டது. கஞ்சத்தனம் அவனுக்குக் கூடப்பிறந்தது. கிள்ளான் வீட்டு ஹாலிலேயே கடை போட்டுவிட்டான்: துணி காயப்போடும் ஸ்டாண்டில் இரண்டு எல்இடி பல்புகள், வெளிச்சம் மிருதுவாக விழ அவற்றின் முன்னால் கேக் சுடும் தாள், மஸ்ஜித் இந்தியாவில் மலிவாக வாங்கிய வெள்ளைத் துணி பின்னால் திரையாக. நிழலைப் போக்க, பாசார் மீன்காரரிடம் கெஞ்சி வாங்கிய பாலிஸ்டைரீன் பெட்டி மூடி ஒன்று. எவ்வளவு கழுவியும் அதில் கெம்போங் மீன் வாடை போகவில்லை. மத்தியான வெளிச்சம் குறுக்கிடாமல் இருக்க ஜன்னல்களில் கறுப்புக் குப்பைப் பைகளை ஒட்டியிருந்தான். வெளியே ஞாயிற்றுக்கிழமை மழை தகரத்தில் இரைந்துகொண்டிருந்தது, உள்ளே நாலு மணிக்கே நடுநிசி.

எல்லாம் சரி, பிளக் மட்டும்தான் போதவில்லை. அந்தப் பக்கச் சுவரில் இருந்த ஒரே பிளக்கில் புஷ்பவல்லியின் படத்துக்குக் கீழே எரியும் சிவப்பு பல்ப் செருகியிருந்தது. அதைப் பிடுங்கிவிட்டுத்தான் தன் விளக்குகளைச் செருகினான்.

புஷ்பவல்லி அவனுடைய முதல் மனைவி. அந்த பல்பைக் கொண்டுவந்து மாட்டியது அவளுடைய அம்மா லோகேஸ்வரி. "அவளுக்குச் சின்னதுலேர்ந்து இருட்டுன்னா ஆகாது மாப்பிள்ளை. இத மட்டும் அணைச்சிராதீங்க," என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்றிலிருந்து அது அணைந்ததே இல்லை. இன்றுதான்.

கமலநாதன் திரும்பிப் பார்த்தான். பல்ப் கறுத்துக் கிடந்தது. பிளக் தரையில் இருந்தது. மாதவியின் எதிரே சிவப்பாக எதுவுமே இல்லை.

அடுத்த படம் எடுத்தான். புள்ளி மிளகு அளவுக்கு வளர்ந்திருந்தது.

இன்னொன்று எடுத்தான். பருப்பு அளவு. அதைச் சுற்றி வெளிர் நிறமாக ஏதோ வளைந்திருந்தது. பெரிதாக்கினான். காற்றில் சுடர் அணையாமலிருக்க அகலைப் பொத்திக்கொண்டு நடப்போமே, அப்படி ஒரு கை பல்பைப் பொத்தியிருந்தது. அதற்குச் சற்று முன்னால், அதே கண்ணுக்குள், கைப்பேசியோடு குனிந்திருந்தவன் அவனேதான். அந்தக் கைக்குரியவள் அவனுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

பின்னால் சமையற்கட்டு. அதைத் தாண்டிக் குளியலறை.

புஷ்பவல்லி குளியலறையில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டுப் போய்விட்டாள் என்றுதான் ஊருக்குத் தெரியும். அது பொய்யும் இல்லை. இந்தப் பழைய வரிசை வீட்டில் குளியலறை சுவிட்ச் கதவுக்கு வெளியே இருக்கும், வெளிப்பக்கம் ஒரு கொக்கியும் உண்டு. சண்டை வரும்போதெல்லாம் அவள் உள்ளே போகும்வரை காத்திருந்து, கொக்கியை மாட்டி, விளக்கை அணைப்பது அவன் வழக்கம். கைநீட்டி அடிக்கிற ஆள் இல்லை நான் என்று பெருமை வேறு. அன்றைக்கும் அவள் கதவைத் தட்டினாள். "லைட்ட போடுங்க, லைட்ட மட்டும் போடுங்க," என்றாள். அவன் டிவி சத்தத்தைக் கூட்டினான். உள்ளே ஏதோ விழுந்தது. நாடகம் முடிந்த பிறகுதான் எழுந்து போனான்.

யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியவும் கூடாது. அதை நினைத்து அவன் தூக்கம் கெட்டதே கிடையாது. மாட்டிக்கொள்வோமோ என்றுதான் சில நாள் பயந்தான், பிறகு அதுவும் போய்விட்டது.

இப்போது பயந்தான். மீன் வாடைக்கு மேலே சந்தன சோப்பு வாடை அடித்தது. மாதவி அந்த சோப்பு போடுவதில்லை. மழைச் சத்தத்துக்கு உள்ளே இன்னொரு தண்ணீர்ச் சத்தம், வாளியில் சொட்டுச் சொட்டாக. பிடரியில் ஈரமாக ஏதோ பட்டது. திரும்பத் துணிவில்லை.

"என்னங்க, முகம் ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?"

"ஒன்னுமில்ல. அந்த பல்ப திரும்பப் போட்டுட்றேன்."

தவழ்ந்து போய்த் தன் விளக்குகளைப் பிடுங்கினான். ஹால் இருண்டது. தடவித் தடவிச் சிவப்பு பல்பின் பிளக்கைச் செருகினான். படீரென்று ஒரு பொறி. மின்விசிறியும் நின்றது.

"மெயின் ட்ரிப் ஆயிருச்சு போல. இருங்க, நான் போய்ப் பாக்குறேன்," என்ற மாதவியின் கொலுசு வாசல் பக்கம் போனது.

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்தான். அப்படித்தான் நினைத்தான். சுவர் வழவழத்தது. ஜில்லென்றிருந்தது. ஓடு. சதுரச் சதுரமாக, ஈர ஓடு. காலுக்கடியில் தண்ணீர்.

வாசல் பக்கம் ஓடு கிடையாதே.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. கொக்கி விழுந்தது.

கரண்ட் வந்தது. கதவுக்கடியில் ஒரு கோடு வெளிச்சம். உள்ளே இருட்டு. சுவிட்ச் வெளியே இருக்கிறது.

"மாதவி! கதவத் திற! லைட்ட போடு மாதவி!"

"எங்க போயிட்டீங்க? டிவிய யாரு போட்டா?" என்று மாதவி ஹாலிலிருந்து கேட்டாள். டிவி அலறியது. அந்த நாடகத்தின் பாட்டு. இன்னும் கூடியது. இன்னும். அவன் கதவைக் குத்துவது அவனுக்கே கேட்கவில்லை.

கையில் கைப்பேசி இருந்தது. டார்ச்சை அழுத்தினான். எரியவில்லை. படம்தான் திறந்தது.

அவன் எடுக்காத படம்.

அவன் முகம். இந்தக் கதவு. இப்போது.

கண்களைப் பெரிதாக்கினான். வெள்ளைச் சதுரங்கள் இல்லை. ஒரே ஒரு விளக்கு. சிவப்பு. கருவிழி முழுக்க. அதைப் பொத்தியிருந்த விரல்கள் விரிந்திருந்தன, அவற்றின் இடுக்கில் புஷ்பவல்லியின் ஈரக் கூந்தல், பிளந்த நெற்றி, சிரிப்பு.

திரை அணைந்தது.

ஓடுகள் மட்டும் இன்னும் சிவப்பாகத் தெரிந்தன.