குண்டுத்தேரியில் இருபது டிரம்கள்

"இன்னும் இருபது டிரம் இந்த மண்ணுக்குள்ளதான் கெடக்கு. அதை எடுக்காம நான் வண்டி ஏற மாட்டேன் சார்."

பொன்னிசக்கி இதைச் சொன்னதும் கூடாரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். எதிரே நாற்காலியில் அமர்ந்திருந்தவர், பணிகளை மேற்பார்வையிட வந்த பெரிய அதிகாரி. பொன்னிசக்கியோ மண்ணுக்குள் இரும்பைத் தேடும் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு வெயிலில் நடக்கும் இருபத்தாறு வயதுப் பெண். அந்த இடத்தில் அதிகம் பேசாதவள் என்று பெயர் எடுத்தவள்.

தென்கடற்கரையோரம், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை செக்கச் செவேலென்று மணல் மேடுகள் விரிந்து கிடந்த அந்த இடத்தைச் சுற்றுவட்டாரத்தில் குண்டுத்தேரி என்றே அழைத்தார்கள். ஒரு காலத்தில் ராணுவம் பீரங்கிக் குண்டுகளைச் சுட்டுப் பரிசோதித்த திடல் அது. சோதனைகள் நின்று ஐம்பது வருடங்கள் ஆகிவிட்டன. போகும்போது மிச்சமிருந்த வெடிமருந்துக் கழிவையும், பீரங்கிக் குழல்களைக் கழுவிய விஷத் திரவங்களையும் டிரம்களில் அடைத்து, குழி வெட்டிப் புதைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவற்றைத் தோண்டியெடுத்துப் பாதுகாப்பாக அழிக்கும் இடத்துக்கு அனுப்பத்தான் இந்தக் குழு நான்கு மாதங்களாக இங்கே பாடுபட்டது.

பழைய வரைபடத்தில் ஆறு குழிகள். ஆறையும் தோண்டியாயிற்று. ஒவ்வொரு டிரம்மின் வயிற்றிலும் வெள்ளைச் சாயத்தில் ஓர் எண் இருந்தது. ஒன்றிலிருந்து அறுபது வரை வந்தது. பிறகு எண்பத்தொன்றிலிருந்து நூற்று நாற்பது வரை வந்தது. நடுவில் இருபது எண்களைக் காணவில்லை.

எண் போட்டவன் தூக்கக் கலக்கத்தில் தாவியிருப்பான் என்றார் அதிகாரி. சனிக்கிழமையோடு வேலையை முடித்துக்கொள்ள உத்தரவு, அன்று மாலை முதல் வடகிழக்குப் பருவமழை என்று அறிவிப்பு வேறு. மழை என்றதும் பொன்னிசக்கி தெற்கே திரும்பிப் பார்த்தாள். தேரிக்குத் தெற்கே ஒரு தருவை இருந்தது. வெயிலில் காய்ந்து கிடக்கும் அந்தப் பெரிய பள்ளம், மழை வந்தால் ஏரியாக நிரம்பி, நான்கு ஊர்க் கிணறுகளுக்கு நீர் ஊட்டும். துருப்பிடித்த இருபது டிரம்கள் எங்கோ கரைந்தால், அந்த விஷம் மணல் வழியாக இறங்கிப் போய்ச் சேரும் இடமும் அதுதான்.

குழுவின் தலைவர் ராயப்பன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். ராணுவத்தில் இருபது வருடம் குண்டுகளைச் செயலிழக்கச் செய்துவிட்டு, பத்து விரலும் பத்திரமாக வீடு திரும்பிய மனிதர். சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது, அதுவரை தேடிப் பார்ப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை என்று அவர் சொல்ல, அதிகாரி அரைமனதாகத் தலையசைத்தார்.

வியாழக்கிழமை விடிந்ததும் கிளம்பிவிட்டார்கள். பொன்னிசக்கி, ராயப்பன், பரீதா ஆகிய மூன்று பேர்தான். பரீதா வேதியியல் படித்தவள். காற்றிலும் மண்ணிலும் என்ன விஷம் கலந்திருக்கிறது என்று கருவியை வைத்துப் பார்த்துச் சொல்வது அவள் வேலை.

ஆறு குழிகளும் ஒரே நேர்கோட்டில் இருந்தன. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில் மட்டும் இரண்டு மடங்கு இடைவெளி. அங்கே கருவியைக் கொண்டுபோனால் அது விடாமல் கத்தியது. தேரி முழுக்கக் குண்டுச் சிதறல்கள் கிடந்ததால் எது டிரம், எது சிதறல் என்று சொல்லவே முடியவில்லை. வேறு வழியில்லாமல் மண்வெட்டியை எடுத்தார்கள். ராயப்பன் அங்குலம் அங்குலமாகச் சோதித்து வழிவிட, மத்தியானத்துக்குள் ஒரு கான்கிரீட் குழி தென்பட்டது. பொன்னிசக்கி மண்வெட்டியைப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள்.

குழி காலியாக இருந்தது.

பரீதா மட்டும் உள்ளே இறங்கிச் சுவரைத் தடவிப் பார்த்தாள். முழங்கால் உயரத்தில் தண்ணீர் நின்ற கறை இருந்தது. தரையில் நீளமாக ஒரு விரிசல். மேலே ஏறி வந்து அவள் விளக்கினாள்: குழியில் நீர் ஊறியிருக்கிறது, அதனால் டிரம்களை அவர்களே எடுத்து வேறொரு ஈரமில்லாத இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். வரைபடம் வரைந்தவன் காலிக் குழியை விட்டுவிட்டான். மாற்றிய இடத்தைக் குறிக்க மறந்துவிட்டான்.

ஈரமில்லாத இடம் என்றால் கூரை உள்ள இடம். ராயப்பனுக்குச் சட்டென்று பொறி தட்டியது. சுடும் திடல் என்றால், குண்டு எங்கே விழுகிறது என்று அதிகாரிகள் உட்கார்ந்து பார்க்க ஒரு கான்கிரீட் அறை இருந்தே தீரும். இங்கும் இருந்திருக்க வேண்டும். ஆனால் ஐம்பது ஆடி மாதக் காற்று அடித்து, மேடு பள்ளமாகி, பள்ளம் மேடாகிக் கிடக்கும் இந்தச் செம்மணல் கடலில் அதை எங்கே போய்த் தேடுவது?

மூவரும் சோர்ந்துபோய்த் திடலைச் சுற்றியிருந்த வேலியோரம் உட்கார்ந்திருந்தபோது மாடத்தி வந்து சேர்ந்தாள். முப்பது வெள்ளாடுகளை வேலிக்கு அந்தப் பக்கம் மேய்க்கிறவள்; தினமும் ஒரு தரம் எட்டிப் பார்த்து, இன்றைக்கு என்ன கிடைத்தது என்று விசாரிக்காமல் போகமாட்டாள். நடந்ததைக் கேட்டுவிட்டுத் தலைத்துணியை அவிழ்த்து உதறினாள்.

"நா சொன்னா சிரிப்பிய. அந்தா தெரியுதுல்லா ஒசந்த மேடு, அதுக்குள்ள இருந்து சாயங்காலமானா வவ்வால் வருது."

"மண்ணுக்குள்ள இருந்தா?" என்றாள் பரீதா.

"மண்ணுக்குள்ள இருந்துதான். எங்க ஊர்ல ஒருத்தரும் நம்ப மாட்டாவ. நா ஏழு வருசமா பாக்கேன்."

பரீதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொன்னிசக்கி சிரிக்கவில்லை. வௌவால் தொங்க ஓர் இடம் வேண்டும். தொங்குவதற்கு மேலே ஒரு கூரை வேண்டும். அவள் எழுந்து மணலைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

சூரியன் பனைகளுக்குப் பின்னால் இறங்கும் நேரம் நால்வரும் எதிர் மேட்டில் குப்புறப் படுத்துக் காத்திருந்தார்கள். முதலில் ஒன்று வந்தது. அப்புறம் நாலைந்து. பிறகு யாரோ அடுப்பை ஊதிவிட்டதுபோல, சிவந்த மணல் மேட்டின் இடுப்பிலிருந்து கரும்புகையாய் நூற்றுக்கணக்கான வௌவால்கள் சுழன்று சுழன்று வானத்தில் ஏறின. பரீதா மாடத்தியின் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். ராயப்பன் தொப்பியைக் கழற்றி மணலில் அடித்து, சின்னப் பிள்ளைபோல் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை காலை, கயிறு, முகமூடி, டார்ச், வாக்கிடாக்கி, மண்வெட்டி சகிதம் நால்வரும் மேட்டை நோக்கி நடந்தார்கள். முன்னால் ராயப்பன். அவர் கால் பட்ட தடத்தில் மட்டுமே மற்றவர்கள் கால் வைத்தார்கள். பாதி வழியில் அவர் கையை உயர்த்தி நின்றார். மணலுக்கு மேலே விரல் நீளத்துக்குத் துருப்பிடித்த கூர்முனை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. வெடிக்காத பீரங்கிக் குண்டு. சிவப்புக் கொடி நட்டுவிட்டு, மூச்சைக் கூட மெதுவாக விட்டுக்கொண்டு சுற்றிப் போனார்கள்.

வௌவால்கள் வந்த இடத்தில் ஒரு கை நுழையும் அளவுக்குப் பிளவு இருந்தது. மணலை விலக்க விலக்க அது நீண்டு, கான்கிரீட் சுவரில் வைத்த பார்வைத் துவாரமாக வெளிப்பட்டது. பரீதா காற்றுச் சோதிக்கும் கருவியைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினாள். இறங்கலாம், ஆனால் முகமூடியைக் கழற்றக் கூடாது என்றாள். அந்தத் துவாரத்தில் நுழையக்கூடிய உடம்பு பொன்னிசக்கிக்கு மட்டுமே இருந்தது. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, தலையை முதலில் விட்டு, பல்லிபோல் ஊர்ந்து உள்ளே இறங்கினாள்.

டார்ச் வெளிச்சம் சுவரில் ஓடியது. மேலே கூரை முழுக்க வௌவால்கள் கறுப்புத் துணி காயப்போட்டதுபோல் தொங்கின. கீழே, இரண்டு வரிசையாக, ராணுவ ஒழுங்கோடு டிரம்கள் நின்றன. முதல் டிரம்மில் தூசியைத் துடைத்தாள். அறுபத்தொன்று. அடுத்தது அறுபத்திரண்டு. ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள். எண்பதைத் தொட்டபோது முகமூடிக்குள்ளேயே வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கண்ணாடி ஆவி படிந்து மங்கியது. துடைத்துப் பார்த்தபோதுதான் கடைசி டிரம்மின் அடியிலிருந்து கறுப்பாக ஏதோ கசிந்து தரையில் பரவியிருப்பது தெரிந்தது. சரியான நேரத்துக்குத்தான் வந்திருந்தாள்.

அப்போது பின்னால் 'சரசர' என்று ஒரு சத்தம். திரும்புவதற்குள் மேட்டின் மணல் சரிந்து துவாரத்தை மூடிவிட்டது. வெளிச்சம் போயிற்று. கயிறு மணலுக்குள் சிக்கி அசையவில்லை. வாக்கிடாக்கியில் இரைச்சல் மட்டும் வந்தது.

சுவரில் சாய்ந்து பத்து எண்ணினாள். அந்தக் காலத்து ராணுவ அதிகாரிகள் இவ்வளவு சின்னத் துவாரத்தில் குனிந்தா உள்ளே வந்திருப்பார்கள் என்று யோசித்தாள். குண்டு விழும் திசையில் பார்வைத் துவாரம் என்றால், வாசல் அதற்கு நேர் பின்னால் இருக்கும். இடுப்புக் கயிற்றை அவிழ்த்துவிட்டு டிரம்களுக்கு நடுவே பக்கவாட்டில் நழுவிப் போனாள். பின்சுவரில் ஓர் இரும்புக் கதவு! இரு பக்கமிருந்தும் நகர்த்தக்கூடிய அதன் தாழ்ப்பாள் துருவில் இறுகியிருந்தது. கீழே கிடந்த இரும்புக் கம்பியை எடுத்துக் கதவில் ஓங்கி அடித்தாள். மூன்று அடி, ஒரு நிறுத்தம். மறுபடி மூன்று அடி.

வெளியே ராயப்பனும் பரீதாவும் துவாரத்தருகே வெறிபிடித்தவர்கள்போல மணலை வாரிக்கொண்டிருந்தார்கள். வார வார மேலிருந்து இன்னும் சரிந்தது. மாடத்திதான் முதலில் கவனித்தாள். வேலிக்கு அப்பால் நின்ற ஆடுகள் மேய்வதை விட்டுவிட்டு, காதை விறைத்துக்கொண்டு, மேட்டின் பின்பக்கத்தையே பார்த்தன.

"அண்ணாச்சி, இங்க தோண்டாதிய. பொறத்தால வாங்க," என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள். ராயப்பன் தடத்தைச் சோதித்துச் சரி என்று சொல்லும்வரை மட்டும் பொறுத்துக்கொண்டாள். பிறகு மண்வெட்டி அவள் கையில் பம்பரமாய்ச் சுழன்றது.

உள்ளே பொன்னிசக்கி கம்பியைத் தாழ்ப்பாளுக்குள் கொடுத்து நெம்பினாள். ஒரு முறை வழுக்கியது. இரண்டாம் முறை கை கன்றியது. நாலாம் முறை 'கிறீச்' என்று தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு உள்பக்கமாகத் திறந்ததும் செம்மணல் அருவிபோல் கொட்டியது. அந்த அருவியோடு மாடத்தியும் சறுக்கிக்கொண்டு வந்து பொன்னிசக்கியின் காலடியில் உட்கார்ந்தாள்.

பொன்னிசக்கி தன் முகமூடிக்குள்ளிருந்து ஏதோ கத்தியபடி, முகமூடி இல்லாத அவளை அப்படியே வெளியே தள்ளிக்கொண்டு போனாள். நல்ல காற்றில் முகமூடியைக் கழற்றியதும், "இருபதும் இருக்கு மதினி, இருபதும்" என்று அவளைக் கட்டிக்கொண்டாள். மாடத்தி தலைமுடியிலிருந்து மணலை உதறிவிட்டு, வவ்வால் இருக்கா இல்லையா, அதை முதல்ல எங்க ஊர்ல வந்து சொல்லு என்றாள்.

சனிக்கிழமை முழுக்க ஒருவரும் உட்காரவில்லை. குண்டை ராயப்பன் அகற்றி வழி அமைத்துத் தந்தார். கசிந்த டிரம்மை அதைவிடப் பெரிய டிரம்முக்குள் இறக்கி மூடினார்கள். தரையின் கறையைப் பரீதா நின்று சுரண்டி எடுக்கவைத்தாள். அதிகாரி தானே முகமூடி மாட்டிக்கொண்டு வந்து, ஒவ்வொரு டிரம்மும் லாரியில் ஏறுவதைப் பார்த்தார். தான் சொன்னது தப்பு என்று எல்லோர் முன்னிலையிலும் அவர் ஒத்துக்கொண்டது பொன்னிசக்கிக்குப் பிடித்திருந்தது. கடைசி லாரி மாலை ஐந்து மணிக்கு வேலியைத் தாண்டியது. ஐந்தரைக்கு முதல் தூறல் விழுந்தது.

மூன்று வாரம் மழை கொட்டியது. தருவை விளிம்புவரை நிரம்பி, நாரைகள் வந்து இறங்கின. பரீதா நாலு பக்கத்திலிருந்தும் நீர் எடுத்துச் சோதித்து, சுத்தமாக இருக்கிறது என்று சொன்ன அன்று நான்கு ஊரும் கரையில் கூடிவிட்டது. யாரோ மேளம் கொண்டுவந்தார்கள், யாரோ அண்டாவில் சுக்குக் காப்பி கொண்டுவந்தார்கள். கரையில் நட்டிருந்த, அபாயம் என்று எழுதிய பலகையை ராயப்பன் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தபோது ஊர்க்காரர்கள் பின்னாலேயே ஊர்வலம் போனார்கள்.

புதையல் கிடைத்ததாமே என்று கூட்டத்தில் ஒரு பெண் பொன்னிசக்கியிடம் கேட்டாள். கிடைத்தது, பத்திரமாக வெளியே அனுப்பிவிட்டோம் என்றாள் அவள். தினமும் அந்த மண்ணைப் பார்க்கிற மாடத்தியிடம் முதல் நாளே கேட்டிருக்கலாம் என்று மட்டும் மனதுக்குள் தோன்றியது. அடுத்த ஊருக்குப் போனால் கருவியை இறக்குவதற்கு முன்னால் ஆடு மேய்க்கிறவர்களைத் தேடிப்போய்ப் பேசுவது என்று முடிவு செய்துகொண்டாள்.

பிறகு கரையோரம் உட்கார்ந்து, நான்கு மாதத்துக்கும் மேலாகக் காலை இறுக்கிய கனத்த பூட்ஸைக் கழற்றினாள். ஈரச் செம்மணல் விரல்களுக்கு நடுவே குளிர்ச்சியாகப் பிதுங்கியது. எங்கே கால் வைப்பது என்று ஒரு தரமும் குனிந்து பார்க்காமல், தண்ணீரை நோக்கி ஓடினாள்.