செவ்வூரில் மூன்று நாள் குளிர்

செவ்வாய்க் கோளில் இருக்கும் செவ்வூரில் அன்றும் காலை ஏழு மணிக்கு வசந்தத்தைப் போட்டார்கள். ஊரை மூடிய கூரை நீலமாயிற்று. இருபத்து மூன்று டிகிரியில் தென்றல் வீசியது. குழாய்கள் மல்லிகை மணத்தை விட்டன. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நாற்பது வருடங்களாகத் தினமும் இதே வசந்தம்தான். பார்க்க என்ன இருக்கிறது?

ஓவியர் தில்லைநாயகியின் வயிற்றெரிச்சலே அதுதான். ஊர் மண்டபச் சுவரில் எட்டு மாதம் உழைத்து மன்மதன் கதையை வரைந்திருந்தாள். உறைபனி மூடிய கயிலையில் சிவன் தவத்தில் இருக்கிறார். அதைக் கலைக்கத் தேவர்கள் அனுப்பிய மன்மதன் கரும்பு வில்லோடு வருகிறான். முன்னால் நடக்கும் தோழன் வசந்தனின் கால் பட்ட இடமெல்லாம் பனி உருகிப் பூக்கிறது. இதோ நெற்றிக்கண் திறக்கப் போகிறது, மன்மதன் சாம்பலாகப் போகிறான். பார்ப்பவர்களுக்குக் குலை நடுங்க வேண்டாமா? செவ்வூர்க்காரர்கள் பார்த்தார்கள், போனார்கள். ஒரு பெண்மணி மட்டும் நின்று, "ஏம்மா, உப்பு ஏன் இப்படிக் கொட்டிக் கிடக்கு?" என்று கேட்டார்.

செவ்வூரில் எல்லோர் காதுக்குப் பின்னாலும் மனமானி என்றொரு சில்லு உண்டு. மனம் எதற்கு எவ்வளவு அசைகிறது என்று அது கணக்கிட்டுச் சொல்லும். பொதுச் சுவரில் இருக்கும் படம் ஒரு மாதத்துக்குள் நூற்றுக்குக் குறைந்தது பத்து மதிப்பெண் வாங்க வேண்டும். இல்லையென்றால் சுரண்டிவிட்டுப் பாசித்தட்டு மாட்டுவார்கள். பாசி மூச்சுவிடக் காற்றாவது தரும். தில்லைநாயகியின் படம் வாங்கியிருந்தது இரண்டு. மிச்சம் இருந்தது ஐந்து நாள்.

அவள் பருவநிலை அதிகாரி ஆவுடையப்பனிடம் போய் நின்றாள்.

"அண்ணே, எனக்கு மூணு நாள் குளிர் வேணும்."

"வெளையாடுதியாம்மா? ஊரே என்னய அடிக்க வந்துரும்."

"குளிர்னா என்னன்னே தெரியாதவங்களுக்கு வசந்தன் வந்தா என்ன, வராட்டி என்ன? எட்டு மாசம்ணே. பெத்த பிள்ளையச் சுரண்டுற மாதிரி இருக்கு."

அவள் கண் கலங்கியதும் ஆவுடையப்பனுக்கு மனசு கேட்கவில்லை. ஊரைச் சூடாக்கும் மூன்று உலைகளையும் அந்த வாரம் துடைத்து எண்ணெய் போட வேண்டியிருந்தது. ஒவ்வொன்றாக நிறுத்துவதுதான் வழக்கம்.

"மூணையும் ஒண்ணா நிறுத்தக் கூடாதுன்னு எங்கயும் எழுதல" என்று எழுந்தார்.

ஒன்பது டிகிரி. ஊர் அல்லோலகல்லோலப்பட்டது. கிடங்கிலிருந்த அவசரப் போர்வைகள் எல்லாம் வெளியே வந்தன. வாயைத் திறந்தால் புகை வருகிறது என்று நாற்பது பேர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். எல்லோரும் பல் தந்தியடிக்க ஆவுடையப்பனைத் திட்டினார்கள். மண்டபத்துக்கு ஒருவரும் வரவில்லை. படத்தின் மதிப்பெண் ஒன்றுக்கு இறங்கியது. தில்லைநாயகிக்குப் பாதி உயிர் போய்விட்டது.

நான்காம் நாள் காலை ஏழு மணிக்கு வசந்தத்தைப் போட்டார்கள். ஊரே தெருவுக்கு வந்து முகத்தை நிமிர்த்தி நின்றது. சிலர் அழுதார்கள். பகலெல்லாம் கூட்டம் மண்டபத்துக்குள் பெருகியது. மதிப்பெண் முப்பது, ஐம்பது, எழுபத்தொன்று என்று ஏறியது. தில்லைநாயகி வாய்விட்டு அழுதாள். அப்படியொரு நிம்மதியை அவள் ஜென்மத்தில் அறிந்ததில்லை.

அப்புறம்தான், ஜனங்களின் மனம் படத்தில் எந்த இடத்தில் அசைந்தது என்ற விவரத்தைப் பார்த்தாள். வசந்தனுக்குப் பூஜ்யம். அத்தனையும் பனிக்கு.

"அடடா, என்னா குளிரு! போத்திக்கிட்டுப் படுத்தா எழுந்திரிக்கவே மனசு வரல!" என்றார் சுவரை ஒட்டி நின்ற ஒருவர்.

"அதக் கெடுக்கத்தான் பூவைத் தூக்கிக்கிட்டு ரெண்டு பேரு வாராங்களே" என்றாள் அவர் மனைவி. "எரிக்கட்டும் சாமி, நல்லா எரிக்கட்டும்!"

மறுவாரமே குளிர் வேண்டும் என்று ஊர்ச் சபைக்கு மனு போயிற்று. ஒரே மாதத்தில் எல்லார் வீட்டுப் படுக்கையறையிலும் குளிர்ப்பெட்டி வந்துவிட்டது. தில்லைநாயகியும் ஒன்று வாங்கினாள். வெளியே வசந்தம் பூத்துக் குலுங்கிய ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டு, பெட்டியைப் பதினாறு டிகிரியில் வைத்தாள். இரண்டு போர்வைகளைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அப்புறம் வெடவெடவென்று நடுங்கியபடியே சுகமாகத் தூங்கிப்போனாள்.