பால் வற்றும் வரை

குழந்தை அழவில்லை. ஆனாலும் பூரணியின் நைட்டி மார்பில் நனைந்திருந்தது.

எழுதிக்கொண்டிருந்தவள் திரும்பித் தூளியைப் பார்த்தாள். கூரைக் கொக்கியில் தொங்கிய பழைய சேலைக்குள் ஐந்து மாதப் பாப்பா அசையாமல் தூங்கியது. தூளியிலிருந்து இறங்கிய சணல் கயிற்றின் மறுமுனை அவள் கால் கட்டைவிரலில் கட்டியிருந்தது. மேசை வேலையும் பார்த்துத் தூளியும் ஆட்ட இதைவிட நல்ல வழியை எந்த அம்மாவும் கண்டுபிடிக்கவில்லை. பசிக்கிற நேரமும் இல்லை, அரை மணிக்கு முன்புதான் குடித்தது. பிறகு எதற்கு இந்தப் பால்?

அப்போதுதான் அந்தச் சத்தம் அவள் காதுக்கு எட்டியது. உடம்புக்கு அது முன்னமே எட்டிவிட்டிருந்தது. கொல்லையில், துவைக்கிற கல் பக்கம், மெலிசாக, இழுத்து இழுத்து ஒரு குரல். குரங்குக் குட்டி.

மணி ஐந்தரைதான். ஆனால் சோளிங்கர் மலைமேல் மழை கட்டிக்கொண்டு, கரண்டும் போய், வீட்டுக்குள் மூலைகள் எல்லாம் இருட்டிவிட்டன. கதவில் மாட்டியிருந்த, அவள் கணவன் வசந்தின் இன்னொரு யூனிபார்மிலிருந்து ஷூ கம்பெனியின் பசை வாடை வந்தது. அதற்கும் அடியில் இன்னொரு நாற்றம், ஈர ரோமமும் மூத்திரமும் கலந்தது, ஜன்னல் வலை வழியே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த நாற்றம் அவளுக்குப் பழக்கம். குரங்குகளை ஆராய வந்த ரோஷினி மேடத்திடம் இரண்டு வருடமாக வேலை. மலையடிவாரத்தில் எந்தக் குரங்கு எங்கே கழிக்கிறது என்று பார்த்து, அதைக் குப்பியில் எடுத்துப் பெயர் ஒட்ட வேண்டும். "இதுக்கா பி.எஸ்ஸி. படிச்சே?" என்று வசந்த் கிண்டலடிப்பான். அவன் கிடக்கிறான். எது பயந்திருக்கிறது, எது கோபத்தில் இருக்கிறது, எது பிள்ளைப் பாசத்தில் உருகுகிறது, எல்லாம் கழிவில் கலந்த சுரப்பாக அந்தக் குப்பியில் இருந்தது.

போன மாதம் வரை கூட்டத்துக்கு ஒரு பெரிய ஆண் இருந்தது. மலைக்கோயில் பக்தர்களின் பையைப் பிடுங்குகிறது என்று புகார் வந்து, பிடிக்கிற ஆட்கள் கூண்டோடு வந்தார்கள். இருக்கிற குரங்குகளில் எது அது என்று கை காட்டியவள் பூரணிதான். காட்டியிருக்கக் கூடாது. அது போனதும் அதன் இடத்தைப் பிடிக்க வெளியிலிருந்து இன்னொன்று வந்தது, மேலுதடு கிழிந்து பல் எப்போதும் வெளியே தெரிகிற ஒன்று. ஒன்பது நாளில் நான்கு குட்டிகளைக் கடித்துக் கொன்றுவிட்டது. நான்கையும் படம் எடுத்து அனுப்பியவளும் அவள்தான்.

"புது ஆண் வந்தா பால்குடிக் குட்டியைத்தான் முதல்ல தேடும், பூரணி," என்று ரோஷினி சொல்லியிருந்தார். "பால் ஊறுற வரைக்கும் தாய் அவனைச் சேர்க்கமாட்டா. குட்டி செத்தா பால் வத்தும். பால் வத்திட்டா அவ அவனுக்கு."

"தாய் சும்மாவா இருக்கும் மேடம்?"

"கடிச்சுக் குதறும். நாம தாய்ப்பாசம்னு சொல்றோமே, அந்தச் சுரப்பு பண்ற வேலைதான் அதுவும். கொஞ்சவும் கொல்லவும் ஒரே மருந்து."

போன் அடித்தது. வசந்த்.

"ஓவர்டைம் போட்டுட்டாங்க. பஸ் எட்டு மணிக்குத்தான் எடுப்பான். கதவெல்லாம் சாத்திட்டியா?"

"சாத்திட்டேன்."

"இன்னா அது சத்தம்?"

"குட்டி ஒண்ணு. அழுவுது."

"அழுவட்டும். நீ தொறக்காத."

திறக்கக் கூடாது என்று அவளுக்கு அவனைவிட நன்றாகத் தெரியும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். காக்கைக்குத் தெரிவது மார்புக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு அழுகைக்கும் பால் சுருக்கென்று இறங்கியது, நைட்டி வயிறு வரை நனைந்தது, வலித்தது. அவள் விரலிலிருந்து கயிற்றை அவிழ்த்துவிட்டாள். அது தூளியிலிருந்து தொங்கி ஆடியது. கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை நீக்கினாள்.

துவைக்கிற கல்மேல் தாய்க்குரங்கு மல்லாந்து கிடந்தது. தொண்டை இருந்த இடத்தில் தொண்டை இல்லை. ரத்தம் சோப்பு நுரையோடு சேர்ந்து சாக்கடைக்குள் போனது. செத்த கையின் இடுக்கில் குட்டி.

குனிந்து எடுத்தாள். அது நைட்டியைப் பிடித்து ஏறி, தேடி, கண்டுபிடித்துக் கவ்விக்கொண்டது. அருவருப்பாகத்தான் இருந்திருக்க வேண்டும். இல்லை. சுகமாக இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

நிமிர்ந்தாள்.

மதில்மேல் அவன் உட்கார்ந்திருந்தான். கிழிந்த உதடு, தாடையெல்லாம் ரத்தம். குட்டியை அவன் பார்க்கவில்லை. அவள் மார்பைப் பார்த்தான். நனைந்த துணியை. பிறகு மெதுவாக, வாயை முழுக்கத் திறந்து, கொட்டாவி விட்டான். கோரைப்பற்கள் விரல் நீளம்.

ஓடினாள்.

கதவை இழுத்தாள். தோளை உரசிக்கொண்டு ஏதோ ஒன்று உள்ளே போனது. ரோமம். சூடு. அந்த நாற்றம். அவள் தாழ்ப்பாளைப் போட்ட பிறகுதான் புரிந்தது.

அவனை உள்ளே போட்டுப் பூட்டியிருக்கிறாள்.

இருட்டு. மேசை சரிந்தது. குப்பிகள் உருண்டன. பிறகு சத்தமில்லை.

தூளி ஆடியது.

யாரும் ஆட்டாமல் ஆடியது. சேலை ஒரு பக்கம் புடைத்திருந்தது. அடியில் பழுப்பாக, நீளமாக, வால் தொங்கியது. அசைந்தது.

கதவுக்குப் பின்னால் குரங்கு விரட்டுகிற சவுக்குக் கட்டை. எடுத்தாள். பாப்பாவும் அதற்குள்தான் இருக்கிறது என்ற நினைப்பு வந்தது. வந்தது, கைக்குப் போய்ச் சேரவில்லை. உடம்பு முழுக்க ஒரே கொதிப்பு. அடித்தாள். புடைப்பின்மேல் அடித்தாள். உள்ளே ஒரு கத்தல் எழுந்தது. அவனுடையது. சாவுடா. மறுபடி. மறுபடி. கத்தல் நின்ற பிறகும் அடித்தாள். கொக்கி கிறீச்சிட்டது. சேலை கறுத்து நனைந்தது.

வால் துள்ளவில்லை.

கை நீட்டி அதைத் தொட்டாள். சொரசொரவென்றிருந்தது. முறுக்கியிருந்தது. நுனியில் அவள் கட்டைவிரலுக்குப் போட்ட சுருக்கு.

சணல்.

தலைக்கு மேலே, பரணில், பல் நறநறவென்றது.

அண்ணாந்தாள். பித்தளை அண்டாவுக்குப் பக்கத்தில் அவன் உட்கார்ந்திருந்தான். ஆரம்பத்திலிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறான். கீழே இறங்கவில்லை. பாயவில்லை. இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, தூளியை ஒருமுறை பார்த்தான். அதன் அடியிலிருந்து தரையில் சொட்டியது. பிறகு அவள் மார்பில் தொங்குகிற குட்டியைப் பார்த்தான். பிறகு அவளை.

குட்டி கண்ணை மூடிக் குடித்துக்கொண்டிருந்தது. பால் நிற்கவில்லை. அவன் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்து, காத்திருந்தான்.