கிரீம் மாஸ்டரின் கல்லீரல்

“வெறும் வயித்துல வரச் சொல்லியிருந்தோமே... உதட்டோரத்துல என்னங்க அது?”

ஸ்கேன் அறை வாசலில் மழையில் நனைந்து நின்றவன் அவசரமாக வாயைத் துடைத்துக்கொண்டான். உதட்டில் இருந்த வெள்ளைக் கிரீம் கன்னம் வரைக்கும் பரவியதுதான் மிச்சம்.

“சாப்பிடல மேடம்... நாக்குல வச்சேன். அவ்ளோதான்.”

“நாக்குல வச்சது எங்க போச்சு?”

“அது... போற வழியில போச்சு.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. ஸ்கேன் எடுப்பவள் ஒரு தரம் சிரித்துவிட்டால் போதும், அப்புறம் ஆளாளுக்கு டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டு வந்து நிற்பார்கள். “நாளைக்கு வாங்க. பச்சத்தண்ணி தவிர எதுவும் உள்ள போகக் கூடாது” என்று விரட்டினாள்.

போகும்போது ஒரு முறை திரும்பிப் பார்த்தான். அந்தக் கண்களில் கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை... திட்டு வாங்கியே பழகிப்போன கண்கள். அப்படி இரண்டு கண்ணை வைத்துக்கொண்டு ஒருத்தன் ஏன் மழையில் போகிறான் என்று அன்று முழுக்க அவள் மனசு அவளைப் பிடுங்கித் தின்றது.

மறுநாள் ஒழுங்காக வந்தான். பெரிய பேக்கரி ஒன்றில் கிரீம் மாஸ்டராம். கேக்கின் மேல் பூசுவது, பஃப்ஸுக்குள் மடிப்பது எல்லாம் அவன் கைப்பக்குவம். கலக்கி முடித்த ஒவ்வொரு வாளியையும் அவன் நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். மேல்வாயில் பிசுக்கு ஒட்டாமல் கரைந்தால்தான் அது கடைக்குப் போகும். ஒரு நாளைக்கு இருபது வாளி. பன்னிரண்டு வருஷம். ஆள் என்னவோ ஒட்டடைக் குச்சி.

“குடிப்பீங்களா?”

சட்டென்று அவன் முகம் இறுகியது. “இல்ல.”

“நான் கேக்கலங்க... ஃபாரம் கேக்குது.”

“எல்லாரும் அப்படித்தான் மேடம் ஆரம்பிப்பாங்க.”

திரையில் கல்லீரல் தெரிந்தது. பக்கத்துச் சிறுநீரகத்தைப் போலச் சாம்பலாக இருக்க வேண்டியது, வெள்ளை வெளேரென்று கிடந்தது. ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துப் பார்த்த டாக்டரம்மா பட்டென்று சொல்லிவிட்டார். சாப்பிட்ட கொழுப்பு கல்லீரலில் தங்கிவிட்டது. அழற்சி இப்போதுதான் ஆரம்பம், இன்றே நிறுத்தினால் பழையபடி ஆகிவிடும், விட்டால் தழும்பாகிவிடும்.

“இனிமே ருசி பாத்துட்டுத் துப்பிடுங்க” என்றாள் அவள்.

“கிரீமையா? சாமி கண்ணக் குத்தும் மேடம்!”

“முழுங்கினா கல்லீரலக் குத்தும். எது தேவல?”

அவன் முதல் தடவையாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் அவள் விழுந்தாள்... இதை ஒளிக்க என்ன இருக்கிறது, தொப்பென்று விழுந்தாள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி வந்தான். ரத்தத்தில் எண்கள் இறங்கியிருந்தன. அவள் வேலை முடிந்து வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. போர்ட்டிகோவுக்குக் கீழே அவனும் நின்றிருந்தான்.

“வீட்டுல பொண்ணு கிண்ணு பாக்கலையா?” என்று மழையைப் பார்த்துக் கேட்டாள். கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“பாத்தாங்க... மூணு வருஷத்துக்கு முன்னாடி. பொண்ணோட அண்ணன் ரொம்ப விவரமானவரு. ‘மூஞ்சிய அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல ரத்தத்தப் பாப்போம்’னு ரிப்போர்ட் கேட்டாரு. அனுப்பினோம். அந்தப் பொண்ணுக்கே ரத்த லேப்லதான் வேலையாம். பாத்துட்டு, மாப்பிள்ளை குடிகாரன்னு சொல்லிடுச்சு.”

‘முதல்ல ரத்தத்தப் பாப்போம்’... அது அவள் அண்ணன் சொன்ன வார்த்தை. அப்போது அவள் ரத்த லேபில்தான் இருந்தாள்.

அவன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனான். “அப்புறம் எந்த வீட்டுலயும் பொண்ணு தரல. அது கூடப் பரவாயில்லைங்க. எங்கப்பா நம்பிட்டாரு. ‘படிச்ச பொண்ணு பொய்யா சொல்லும்?’னாரு. தினம் வேலை முடிஞ்சு வந்தா வாசல்லயே நிறுத்தி வாய ஊதச் சொல்லுவாரு. ரெண்டு வருஷம் ஊதினேன். போன வருஷம் போயிட்டாரு... கடைசி வரைக்கும் நம்பல.”

மழை விட்டதும், அவன் போனதும் அவளுக்குத் தெரியவில்லை.

அந்தத் தாள் நன்றாக ஞாபகம் இருந்தது. லேபில் புதிதாகச் சேருகிறவர்கள் எல்லாரும் மனப்பாடம் செய்கிற ஒரு வரி உண்டு: கல்லீரல் சோதனையில் காமா என்கிற எண் ஏறியிருந்தால் ஆள் குடிக்கிறான். கொழுப்பும் அதை ஏற்றும், பக்கத்து எண்களையும் பார்க்க வேண்டும் என்று பின்னால்தான் தெரிந்துகொள்வார்கள். அவள் சேர்ந்து இரண்டே மாதம் ஆகியிருந்தது. அண்ணன் தாளை நீட்ட, பேரைக்கூடப் படிக்காமல், டீ குடித்துக்கொண்டே அந்த எண்ணை மட்டும் பார்த்தாள். “குடிகாரன்ணா... வேண்டாம்” என்றாள். தனக்கு எல்லாம் தெரியும் என்கிற திமிர். டீ ஆறுவதற்குள் ஒரு குடும்பத்தையே முடித்துவிட்டாள்.

அடுத்த மூன்று மாதம் அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஊரில் அண்ணனைத் தவிர யாருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்...

அவன் வந்தான். ஸ்கேன் திரையில் கல்லீரல் ஏறக்குறையச் சாம்பலாகியிருந்தது. அவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான்.

“ஒண்ணு சொல்லணும். டாக்டரம்மா இந்தத் தடவை ஸ்கேன் வேணாம்னுதான் சொன்னாங்க. நான்தான் கேட்டு எழுதி வாங்கிட்டு வந்தேன்... உங்களப் பாக்க.” காது வரைக்கும் சிவந்துபோனான். “எல்லாரும் குடிக்கிறியான்னு கேட்டுட்டு என் பதில நம்பல. நீங்க நம்புனீங்க. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். உங்க வீட்டுல வந்து கேக்கட்டுமா?”

ஆறு மாதமாக அவள் காதுகள் ஏங்கிய வார்த்தை! ஒரு ‘ம்’ சொன்னால் போதும். தொண்டை வரைக்கும் வந்த அந்த ‘ம்’மை அவள் விழுங்கினாள்.

“எங்க வீட்டுக்கு நீங்க ஏற்கனவே கேட்டு அனுப்பியிருக்கீங்க.”

“என்ன சொல்றீங்க?”

“ரிப்போர்ட்டப் பாத்துட்டுக் குடிகாரன்னு சொன்ன பொண்ணு... நான்தான்.”

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது.

“ஒரே ஒரு நம்பரப் பாத்துச் சொன்னேன். தப்பாச் சொன்னேன். மன்னிச்சிடுங்கன்னு கேக்க எனக்கு யோக்கியதை இல்ல.” ஸ்கேன் திரையை அணைத்தாள். “எனக்கு உங்கள உயிரா பிடிச்சிருக்கு. சொல்லாம இருந்தா நீங்க கிடைச்சிருப்பீங்க... ஆனா தினமும் உங்க கண்ணப் பாத்துப் பொய்யா வாழணும். என்னால முடியல.”

வெளியே அடுத்த நோயாளி கதவைத் தட்டினாள். இரண்டு பேரும் அசையவில்லை.

“எங்கப்பா இருந்தப்ப வந்திருக்கக் கூடாதா நீங்க...” என்றான் கடைசியில்.

“நான் சொன்னதால இப்படி ஆச்சுன்னு அப்ப எனக்கே தெரியாது.”

“அது எனக்கும் தெரியும். அதான் திட்டக்கூட வாய் வரல.” எழுந்து கதவு வரைக்கும் போனான். தாழ்ப்பாளில் கை வைத்தபடியே, திரும்பாமல் பேசினான். “மூணு வருஷமா அந்தப் பொண்ணுக்கு மனசுல ஒரு முகம் வச்சிருந்தேங்க. ராட்சசி மாதிரி. கஷ்டம் வர்றப்பெல்லாம் அதத்தான் திட்டித் தீப்பேன். இப்ப அந்த எடத்துல உங்க முகத்தக் கொண்டாந்து வச்சுட்டீங்களே... இனிமே நான் யாரத்தான் வெறுக்கிறது?”